கூடிய எடை

ஆஸ்பத்திரியின் அந்த நடைப்பயிற்சி அறையில் வழக்கமாக இருந்தவர்கள்: படகில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்ற ஒருவர். சாயாக்கடை வைத்திருந்த ஒரு சேச்சி. பயிற்சி சொல்லித்தரும் பெண். என் மனைவி. சுவரோரம் நாற்காலியில் நான்.

மனைவிக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. பிறகு இதயம் தளர்ந்தது. மட்டாஞ்சேரி வீட்டு மாடிப்படி ஏற மூன்று இடத்தில் நிற்பாள். மருந்தோடு நடையும் வேண்டும் என்று டாக்டர் இங்கே அனுப்பினார். திங்களும் வியாழனும். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். பிறகு நடை. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியாம்.

அவளுக்கா பேசத் தெரியாது.

"அங்க பாருங்க, மூட்டை மாதிரி உக்காந்திருக்கறத. நோயாளி நானா, அவரா?"

டிக்கெட்காரர் சிரித்து நின்றுவிடுவார்.

"சேச்சி, ஆளச் சிரிக்க வெச்சு நிறுத்தாதீங்க," என்று மனைவியை அதட்டுவாள் பயிற்சிப் பெண்.

இரண்டு மாதத்தில் மாடிப்படியை நிற்காமல் ஏறினாள். மேலே போய் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

முதல் நாளே அந்தப் பெண் என்னிடம் சொல்லியிருந்தாள். "அண்ணாச்சி, தினம் காலைல சேச்சியோட வெயிட் பாத்து எழுதணும். வித்தியாசம் வந்தா அன்னிக்கு நடக்க வேண்டா. உடனே ஃபோன்ல விளிக்கணும், கேட்டோ."

எடை எனக்குப் புதிதல்ல. மிளகுக் கிடங்கில் முப்பது வருடம் தராசு பார்த்தவன். கிடங்கில் குறைந்தால்தான் சொல்வோம். கூடினால் யாரும் சொல்வதில்லை.

சர்க்கரையில் உருகிப்போன உடம்பு. மூன்றாம் மாதம் ஒரு வாரம், எடை ஏறியது. எனக்குச் சந்தோஷம்.

"கால் கனக்குதுங்க," என்றாள்.

"சதை வெச்சா கனக்காதா? நட."

செவ்வாயும் புதனும் படகுத்துறை வரை நடக்க வைத்தேன். வழியில் அவள் பேசவே இல்லை. கோபம் என்று நினைத்தேன்.

வியாழக்கிழமை அந்தப் பெண் அவளை நடக்க விடவில்லை. குனிந்து கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தினாள். குழி அப்படியே நின்றது.

"நீர் கட்டியிருக்கு, அண்ணாச்சி. இதயம் தாங்கலை. எவ்வளவு கூடிச்சு?"

மழைக்காலத்தில் மிளகு மூட்டை எடை கூடினால் உள்ளே ஈரம் என்று தொட்டே தெரிந்துகொள்கிறவன் நான்.

அவளைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து அவசரப் பிரிவுக்குத் தள்ளிப் போனார்கள். போகும்போது முந்தானையில் முடிந்திருந்த மிட்டாயை அவிழ்த்து என் கையில் தந்தாள். நடக்கையில் சர்க்கரை இறங்கினால் வாயில் போட வைத்திருந்தது.

சனிக்கிழமை போய்விட்டாள்.

எடை எழுதிய நோட்டு வீட்டில் இருக்கிறது. என் கையெழுத்துதான். திங்கள் நாற்பத்தெட்டு கிலோ இருநூறு. வியாழன் ஐம்பத்தொரு கிலோ நானூறு. கழித்துப் பார்த்தேன்.

மூன்று கிலோ இருநூறு.