இணை என்று யார் சொன்னது?

போன வாரம் என் மகள் யாழினி டியூஷன் டெஸ்ட்டில் ஒரு கணக்குக்குப் பூஜ்யம் வாங்கி வந்தாள். ஒன்பதாம் வகுப்பு. அழவில்லை. கோபமாக இருந்தாள்.

ஐந்தாம் வகுப்போடு நின்று பனியன் கம்பெனி வேலைக்குப் போனவன் நான். அவளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு கோடுகள், குறுக்கே ஒரு கோடு. அது வெட்டுகிற இரண்டு இடத்திலும் ஒரே பக்கத்து மூலையில் இருப்பவை ஒத்த கோணங்கள். கோடுகள் இணையாக இருந்தால்தான் அவை சமம்.

சமம் என்று நிரூபிக்கச் சொல்லிக் கேள்வி. 'எஃப்' எழுத்து மாதிரி தெரிந்தால் சமம் — இது சார் சொல்லிக்கொடுத்த குறுக்குவழி. வகுப்பே அப்படி எழுதி முழு மார்க் வாங்கிவிட்டது. இவள் மட்டும், 'கோடுகள் இணை என்று கொடுக்கப்படவில்லை. நிரூபிக்க முடியாது' என்று எழுதியிருக்கிறாள்.

"பாத்தா இணையாத்தானே இருக்குது, கண்ணு?" என்றேன்.

"ஏனுங்கப்பா, கம்பெனியில கோடு போட்ட பனியன நீங்க பாத்த ஒடனே பாஸ் பண்ணிருவீங்களா?"

செக்கிங் டேபிளில் கண்ணுக்கு நேராகத் தெரிகிற கோடு, டேப் வைத்தால் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். எத்தனை பீஸ் பார்த்திருக்கிறேன்!

மறுநாள் அவளோடு டியூஷனுக்குப் போனேன். நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். சார் போர்டைத் துடைத்தபடியே சொன்னார்:

"சமம்னு திருத்தி எழுதிக் குடுக்கச் சொல்லுங்க. இல்லீன்னா ரெண்டாவது பேட்ச்சுக்குப் போகட்டும்."

ரெண்டாவது பேட்ச் என்றால் என்ன தெரியுமா? பாஸானால் போதும் என்று ஒதுக்கிவைத்த கூட்டம். அங்கே நிரூபணமே நடத்த மாட்டார்கள். இவளுக்கோ அதுதான் உயிர்.

"கோடு இணைன்னு கேள்வியில இல்லீங்களே சார்..."

"படத்தப் பாத்தாலே தெரியுதுங்களே! இவளுக்கு மட்டும் கண்ணு தெரியலீங்களா?"

"அவ பாக்கலீங்க சார். கேள்வியப் படிச்சாளுங்க."

எப்படித்தான் சொன்னேனோ! சார் சிரித்தார். பெஞ்சில் இருந்த பிள்ளைகளும் சிரித்தார்கள். காதெல்லாம் சுட்டது.

வெளியே வந்ததும் தைரியம் போய்விட்டது. யாழினியிடம் கெஞ்சினேன்: "ஒரு வார்த்தைதானே சாமி... எழுதிக் குடுத்துர்றயா?"

"இல்லாதத இருக்குதுன்னு எப்படீங்கப்பா எழுதறது?"

எழுதவில்லை. இப்போது ரெண்டாவது பேட்ச்சில் உட்கார்ந்திருக்கிறாள். நிரூபணங்களை வீட்டில் தானே போட்டுப் பார்க்கிறாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. கேள்வியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒரு பிள்ளை நிதானமாகப் படித்தது குற்றமா? அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே ஐயா கணக்குப் பாடம்?

பார்த்ததும் தலையாட்டுகிறவர்களுக்குத்தான் முதல் பேட்ச் என்றால் — என் மகள் ரெண்டாவதிலேயே இருக்கட்டும்.