மோட்டார் ஓடும்போது படித்த பாடம்

எங்கள் தீவில், மின்னி பே சந்தின் நலச் சங்கத் தலைவர் தண்ணீர் திருடுகிறார். பெயரை எழுதவில்லை. சந்தில் எல்லாருக்கும் தெரியும். நகராட்சிக் குழாயில் நேரடியாக மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார். மோட்டார் நாய்க்கூண்டுக்குள் இருக்கிறது, நாய் வெயிலில் படுத்திருக்கிறது. இந்த மனிதர்தான் குடியரசு தினத்தன்று கொடியேற்றிவிட்டு, குடிமக்களின் கடமைகள் என்று தொண்டை கிழியப் பேசினார். நானும் நின்று கேட்டேன். கைகூடத் தட்டினேன்.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். தண்ணீர் வரும் நேரத்தில் மட்டும் அவர் வீட்டு டிவி அலறுகிறது. அந்த வித்தை எனக்குப் புதிதல்ல. எங்கள் வீட்டில் டிவிக்குப் பதிலாக நான் இருந்தேன்.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அப்பா தீவுகளுக்கு இடையே ஓடும் கப்பலில் வேலை பார்த்தார், வீட்டில் இருப்பதே அபூர்வம். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவின் தம்பி, என் மாமா, கடல் தாண்டி மெயின்லாண்டிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். கோடையில் தினமும் தண்ணீர் வராது. விடும் நாளிலும் கொஞ்ச நேரம்தான். சந்து மேடானது. கீழ் வீடுகளில் நன்றாக வரும், மேலே போகப் போக நூலாக வரும். நாங்கள் நடுவில் இருந்தோம். மாமாவுக்கு நடுவில் இருப்பது பிடிக்கவில்லை. எங்கிருந்தோ ஒரு பழைய மோட்டார் வாங்கிவந்து குழாயில் மாட்டினார். தண்ணீர் கொட்டியது. பெரிய லைன் போட்டுவிட்டார்கள், அதனால்தான் பிரஷர் என்று அம்மாவிடம் சொன்னார். காலை ட்யூட்டி முடிந்து வந்து நிறைந்த டிரம்களைப் பார்த்த அம்மா, முதல் முறையாக நகராட்சியைப் பாராட்டினாள்.

மோட்டார் சத்தம் வெளியே கேட்கக் கூடாது. அதற்கு மாமா கண்டுபிடித்த வழி நான். தண்ணீர் வந்ததும் என்னை ஜன்னலோரம் உட்காரவைப்பார். "படிடீ தங்கம். கப்பல் நிக்கிற ஜெட்டி வரைக்கும் கேக்கணும்." நான் கத்துவேன். வாய்ப்பாடு தீர்ந்தால் ஹிந்திப் பாடம். அதுவும் தீர்ந்தால் சமூக அறிவியல். பொதுச் சொத்தைக் காப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்ற வரியை, திருட்டு மோட்டாருக்கு மேலே குரல் எழுப்பிப் படித்தவள் நான். படிக்கிற பிள்ளை என்று சந்தில் எனக்கு நல்ல பெயர் வந்தது. மாமா அதற்கும் பெருமைப்பட்டார்.

எங்களுக்கு மேல் வீட்டில் ஒரு வங்காளக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டு அம்மாவை நான் மாசி என்று கூப்பிடுவேன், அவர்கள் பேச்சில் சித்தி முறை. மாசி நிறைமாதமாக இருந்தார். தண்ணீர் விடும் நாளிலும் குடத்தோடு கீழே பொதுக் கிணற்றுக்கு இறங்குவார். போகிற வழியில் என் ஜன்னலில் நின்று ஒரு தேங்காய் உருண்டை கொடுப்பார். "ஆஜ் கித்னா படோகீ, பேட்டி?" இன்று எவ்வளவு நேரம் படிப்பாய் என்று கேட்பார். "பஹுத், மாசி" என்பேன். ரொம்ப நேரம் படிப்பேன் என்று சொல்வதில் எனக்கு அத்தனை பெருமை. அவர் தலையாட்டிவிட்டுக் கீழே நடப்பார்.

குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்தது. அம்மாவுக்கு மதிய ட்யூட்டி இருந்த ஒரு நாள், காலையில் குழந்தையின் தொப்புளைப் பார்க்க மேலே போனாள். அவள் இறங்குவதற்குள் டிரம்மை நிரப்பிவிடலாம் என்று மாமா மோட்டாரைப் போட்டார். நான் ஆரம்பித்தேன்.

மேலே நடந்ததை அம்மா பிறகு சொன்னாள். குழந்தையைத் தொடுவதற்கு முன் கை கழுவக் குழாயைத் திறந்திருக்கிறாள். ஒழுகிக்கொண்டிருந்த நூலும் அறுந்து காற்று மட்டும் சீறியது. அதே நேரத்தில் கீழிருந்து என் குரல். குரலுக்கு அடியில் மோட்டார்.

சோப்பு காய்ந்த கையோடு அம்மா படியிறங்கி வந்தாள். சுவிட்சை அணைத்தாள். நான் மட்டும் இன்னும் கத்திக்கொண்டிருந்தேன்.

"லைன்ல மோட்டார் போடுறது குத்தம்னு தெரியுமாடா?"

"தெரியும்க்கா. எல்லாரும் போடுறாங்க. நாம மட்டும் பாகலா, பைத்தியமா?"

"மேல் வீட்டுக்காரி போட்டிருக்காளா?"

"போடட்டுமே. நாம கேக்கவா போறோம்?"

"அவ போட்டா அவளுக்கு மேல இருக்கிறவன் நக்கிட்டுப் போகணும். நல்ல நியாயம்."

அதோடு விட்டிருந்தால் மாமா கோபித்திருக்க மாட்டார். அம்மா மோட்டாரைக் கழற்றச் சொல்லி, ஒரு சாக்கில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சி ஆபீசுக்குப் போனாள். எங்கள் வீட்டு லைனில் இருந்தது என்று மேஜைமேல் வைத்தாள். அங்கிருந்தவர் பயந்துபோனார். நாங்கள் எதையும் பார்க்கவில்லை, வீட்டுக்கு எடுத்துப் போங்கள் மேடம் என்று ஹிந்தியில் கெஞ்சினார். அம்மா நகரவில்லை. எழுதிக்கொண்டார்கள். எங்கள் இணைப்பைத் துண்டித்தார்கள். எங்களைத் துண்டித்த பிறகு மற்ற வீடுகளைப் பார்க்காமல் இருக்க அவர்களால் முடியவில்லை. சந்து முழுக்க வந்து பார்த்தார்கள். பல வீடுகளில் மோட்டார்கள் அவசரமாகக் கட்டிலுக்கு அடியில் போயின.

மாசி வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் வீட்டில் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நின்ற காலோடு அம்மா லாரித் தண்ணீர் வரிசையிலும் நின்றாள். சந்தில் பாதிப் பேர் அவளோடு பேசவில்லை. மாமா புரோத்ராபூரில் சிநேகிதன் வீட்டுக்குப் போய்விட்டார். குடம் சுமந்த எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு வெறுப்பு. படிப்பதை நிறுத்தினேன். மாசி தேங்காய் உருண்டை கொடுப்பதை நிறுத்தவில்லை, கேள்வியைத்தான் நிறுத்திவிட்டார். அது எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

மழை பிடித்ததும் மாமா திரும்பி வந்தார். எங்கள் தகரக் கூரையிலிருந்து டிரம்முக்கு ஒரு குழாய் இறக்கினார். பிறகு ஏணியைத் தூக்கிக்கொண்டு மேலே போய் மாசி வீட்டுக் கூரைக்கும் ஒன்று போட்டார். அம்மா அவருக்குச் சோறு போட்டாள். அவ்வளவுதான் சமாதானம்.

வளர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. என் குரல் கிளம்பினால் தன் குழாய் நிற்கும் என்று மாசிக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். வயிற்றுப் பிள்ளையோடு சண்டைக்கு வர முடியாதவர், தேங்காய் உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளையிடம் கேட்டுப் பார்த்திருக்கிறார். நான் ரொம்ப நேரம் என்று பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதிலை இன்றுவரை நான் சொல்லிக்கொண்டிருக்காமல் தடுத்தவள் என் அம்மா. குடம் சுமக்க வைத்தாளே என்று அழுதேன். இப்போது அதற்கு அவள் காலைத் தொட்டுக் கும்பிடலாம்.

மாசி இன்றும் அதே மேல் வீட்டில்தான் இருக்கிறார். அவர் குழாய் மறுபடியும் சீறுகிறது. அன்று பிறந்த குழந்தை, நரை எட்டிப் பார்க்கும் வயதில், அவருக்காகக் குடம் சுமக்கிறான்.

தலைவரே, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம். மைக் உங்கள் கையில்தான் இருக்கும். மாசியை நான் முன்வரிசையில் கொண்டுவந்து உட்காரவைக்கிறேன். அவர் என்னிடம் கேட்டதை உங்களிடம் கேட்கிறேன். உங்கள் டிவி இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்? மைக்கிலேயே பதில் சொல்லுங்கள், மேல் வீடுகள் வரை கேட்கட்டும்.