கிணற்றுக் கயிறும் விசுவாச மந்திரமும்

என் வீட்டுக்காரர் அருளப்பன், சாந்தோம் கடற்கரைக் குப்பத்துக்கு உபதேசியார். பூசை வைப்பதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் சாமியார் வேலை. ஆனால் குப்பத்தில் யார் கல்யாணத்துக்குத் தயார், யார் தயாரில்லை என்று தீர்மானிப்பது இவர்தான். பெண்ணும் பிள்ளையும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்து, முழங்கால் போட்டு, கைகுவித்து, மந்திரங்களையும் பத்துக் கற்பனைகள் என்கிற பத்துக் கட்டளைகளையும் ஒப்பிக்க வேண்டும். பிழையில்லாமல் சொன்னால் இவருடைய சிவப்பு அட்டை நோட்டில் 'தயார்' என்று விழும். ஒரு வார்த்தை தடுக்கினாலும் 'தயாரில்லை'. அவள் குடும்பம் நடத்துவாளா, அவன் குடித்துவிட்டு வந்து உதைப்பானா என்பதெல்லாம் அந்த நோட்டுக்குத் தெரியாது. வருஷக்கணக்காக இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

மனுஷர் கெட்டவர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். யாரிடமும் ஒரு மீன்கூட இனாமாக வாங்கமாட்டார். சாகக் கிடக்கிறவர்கள் வீட்டுக்கு மழை என்றும் பாராமல் ஓடுவார். எழுதியிருந்தால் செய்வார், எழுதாவிட்டால் செய்யமாட்டார், அவ்வளவுதான். அது ஒரு குற்றமா என்று மற்ற பெண்கள் கேட்பார்கள். கூட இருந்து பார்த்தால் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலாம் வருஷம் பொங்கல் கழிந்ததும் மிக்கேலும் தேசம்மாவும் வந்தார்கள். மிக்கேல் கட்டுமரத்தில் போகிறவன். கடலில் அவன் குரல் கரை வரைக்கும் கேட்கும், கரைக்கு வந்து நாலு பேர் முன்னால் நின்றால் அரை வார்த்தைதான் வரும். தேசம்மா மீர்சாகிப்பேட்டை மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவளுக்கு அவன் வாயும் சேர்த்து இருந்தது. தேசம்மா எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பித்தாள். மிக்கேல் விசுவாச மந்திரத்தில் பாதி போய், அடக்கம் பண்ணப்பட்டார் என்ற இடத்தில் நின்றுவிட்டான். அதற்கு மேல் ஒரு எழுத்து வரவில்லை. அடுத்த வாரமும் வந்தான், அதே இடத்தில் நின்றான். தேசம்மா ஜன்னலுக்கு வெளியிலிருந்து வாயசைத்துக் காட்டியதை இவர் பார்த்துவிட்டு, அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இதில் என்ன குடி முழுகிவிட்டது, இன்னும் நாலு வாரம் படித்துவிட்டு வரட்டுமே என்று தோன்றும். நாள் இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் எல்லார் முன்னிலும் படிப்பதுதான் ஓலை. உபதேசியாரின் சீட்டு இல்லாமல் முதல் ஓலை கிடையாது. அந்த வருஷம் விபூதிப் புதன் பிப்ரவரி பதினாலாம் தேதியே வந்துவிட்டது. அன்றைக்குத் தபசு காலம் தொடங்கினால் ஈஸ்டர் வரைக்கும் கல்யாணப் பேச்சே இல்லை. தபசுக்கு முன்னால் மூன்றே ஞாயிறுதான் பாக்கி இருந்தது.

தேசம்மாவின் அப்பா சூசை பிடிவாதக்காரர். தபசுக்குள் முடிந்தால் மிக்கேல், முடியாவிட்டால் கோவளத்துக்காரர் என்று சொல்லிவிட்டார். கோவளத்துக்காரருக்கு நாற்பது வயது, சொந்தமாகப் பெரிய வலை, பெண்டாட்டியைப் புதைத்து எட்டு மாதம். அந்தப் பெண் உயிரோடிருந்தபோது ஒரு திருநாளில் பார்த்திருக்கிறேன். பூசை முடிகிற வரைக்கும் முக்காட்டை இழுத்து இழுத்துக் கன்னத்தை மறைத்துக்கொண்டே இருந்தாள். அதை இவரிடம் சொன்னேன். அவர் முதல் கல்யாணத்திலேயே எல்லாம் ஒப்பித்தவர், அவருக்குப் பரீட்சை வேண்டியதில்லை, அவர் தயார்தான் என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று சோற்றுத் தட்டைக் கொஞ்சம் ஓசையாகவே வைத்தேன். அது இவருக்குக் காதில் விழவில்லை.

ஜனவரி இருபத்தேழு சனிக்கிழமை, மிக்கேலுக்குக் கடைசி வாய்ப்பு. அவன் சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். இவர் சாமியாரைப் பார்க்கப் போயிருந்தார். நான் கொல்லையில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தேன். மார்கழியிலிருந்தே எனக்கு வலது தோள் பிடித்துக்கொண்டிருந்தது. இரண்டு வாளி இறைத்தால் நின்று மூச்சு வாங்க வேண்டும். அவன் அதைப் பார்த்தான், வந்து கயிற்றை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான்.

துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தேன். அப்போதுதான் கேட்டது. ராட்டினச் சத்தத்தோடு முணுமுணுவென்று அவன் குரலும் வந்துகொண்டிருந்தது. ஒரு இழுப்புக்கு ஒரு வார்த்தை. வாளி மேலே வரும்போது ஒரு வரி முடிந்தது. விசுவாச மந்திரத்தில் எப்போதும் நிற்கிற இடம் வந்தது, அவன் நிற்காமல் தாண்டிப் போனான். ஆமென் சொல்லித் தொட்டியில் ஊற்றிவிட்டு அடுத்த மந்திரத்துக்கு வாளியை இறக்கினான்.

எங்கே கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். அவனுக்கு வெட்கம் வந்துவிட்டது.

"கரைவலை இழுக்கசொல்ல தேசம்மா பக்கத்துல நின்னுக்கினு ஒவ்வொரு வார்த்தையா சொல்லும். நானும் இழுத்துக்கினே சொல்லுவேன். கை சும்மா இருந்தா வாய் வரமாட்டேங்குதுக்கா."

இவர் திரும்பி வந்ததும் வாசலிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். கிணற்றடியில் முணுமுணுப்பது ஒப்பிப்பாகுமா என்று கேட்டுவிட்டு முன்னறைக்குப் போனார். மிக்கேல் கால் கழுவிக்கொண்டு வந்து முழங்கால் போட்டான், கைகுவித்தான், அதே இடத்தில் நின்றான். அவன் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. மார்க்கெட்டிலிருந்து ஓடிவந்த தேசம்மா காலிக் கூடையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அத்தனை வாய்க்காரி, அன்றைக்கு வாயே திறக்கவில்லை. இவர் நோட்டைப் பிரித்துப் பேனாவை மையில் தொட்டார்.

கல்யாணமாகி முப்பது வருஷத்தில் இவரை 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறேன். அன்றைக்கு அந்த வார்த்தை எனக்கு வரவில்லை.

"முட்டி போட்டுத்தான் சொல்லணும்னு எந்தப் பொஸ்தகத்துல எழுதிக்கீது? எடுத்துக் காட்டு, பாக்கலாம்" என்றேன்.

இவர் பேனாவைக் கீழே வைத்தார். நான் விடவில்லை.

"நம்ம கல்யாணத்துக்கு நீயும் நானும் ஒரே மூச்சுல ஒப்பிச்சோம். சாமியார் முதுகுல தட்டிக் குடுத்தாரு. இத்தினி வருசத்துல ஒரு வாளி எறச்சிருக்கியா நீ? மூணாவது புள்ள பெத்த பத்தாம் நாளு நான்தான் எறச்சேன். அப்ப நீ இந்த ரூம்புல குந்திக்கினு எவனுக்கோ மெய்விவாகம்னா இன்னான்னு சொல்லிக் குடுத்துக்கினு இருந்த."

 வாளிப் பேச்சு போகவில்லை, முதல் கேள்விதான் அவருக்குள் போனது. மனுஷரைச் சும்மா சொல்லக்கூடாது, எழுந்து போய் ஞானோபதேசப் புஸ்தகத்தை எடுத்தார். சாமியார் கொடுத்த கட்டளைத் தாள்களை எடுத்தார். பரணிலிருந்து அவருடைய அப்பா காலத்துப் புஸ்தகத்தையும் தூசி தட்டி எடுத்து, மூக்குக் கண்ணாடியை மேலும் கீழும் நகர்த்திக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அரைமணி நேரம் போனது. மிக்கேல் முழங்காலிலேயே இருந்தான், அவனை எழுந்திருக்கச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"எழுதலை" என்றார் கடைசியில். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

பிறகு நோட்டையும் ஒரு முக்காலியையும் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்கு வந்து உட்கார்ந்தார். மிக்கேல் இறைத்தான். இவர் ஒன்றுவிடாமல் கேட்டார், ஒரு கேள்வியைக்கூடக் குறைக்கவில்லை. தொட்டி நிரம்பியபோது பத்துக் கற்பனையில் இன்னும் நாலு பாக்கி இருந்தது. மீதித் தண்ணீரை வாழைமரத்தடியில் ஊற்றச் சொன்னேன். எல்லாம் முடிந்ததும் இவர் 'தயார்' என்று எழுதி, சாமியாருக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். தேசம்மாவுக்கு அப்போதுதான் வாய் திரும்பி வந்தது. இதை முதலிலேயே சொல்வதற்கு என்ன என்று மிக்கேலைத் தெருக்கோடி வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். அவன் அவளுடைய கூடையைத் தன் தலையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நடந்தான்.

மூன்று ஓலையும் வாசித்தார்கள். விபூதிப் புதனுக்கு இரண்டு நாள் முன்னால் திங்கட்கிழமை கல்யாணம் நடந்தது. கோவளத்துக்காரர் ஈஸ்டருக்குப் பிறகு வேறு ஊரில் பெண் எடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அது யார் பெற்ற பெண்ணோ, நினைத்தால் இன்னமும் வயிறு எரிகிறது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இவர் கொல்லைப்பக்கம் வந்தார். தொட்டி விளிம்பு வரைக்கும் தண்ணீர் இருப்பதைப் பார்த்து அவருக்குச் சந்தோஷம். சொம்பு சொம்பாக மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார். காலையில் நான் கத்தியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. தலை துவட்டிக்கொண்டிருந்தபோது, பழையபடி மரியாதையாகவே கேட்டேன்.

"ஏங்க, நம்ம கல்யாணத்தப்போ நாம தயாரா இருந்தமா?"

"அதுல இன்னா சந்தேகம்? ஒரு பிழைகூட இல்லையே" என்றார். முப்பது வருஷம் கழித்தும் அந்தப் பெருமை அவர் முகத்தில் இருந்தது. ஈரத் துண்டை என்னிடம் நீட்டினார். வாங்கிக் கொடியில் போட்டேன்.

மறுநாள் ஞாயிறு, அவர்களுக்கு முதல் ஓலை. விடிந்ததும் போய்ப் பார்த்தேன், தொட்டியில் நாலு விரல் ஆழம்தான் தண்ணீர் இருந்தது. இவர் பூசைக்குக் குளித்துவிட்டுப் போக வேண்டும். கயிற்றை எடுத்தேன்.