நான்கு நிமிடம் நான் இல்லாத பாடம்

சனிக்கிழமை காலையில் கல்கத்தாவில் ஜாதவ்பூர் பஸ்ஸில் ஏறும்போதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். பெற்ற பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க நான் இன்னொருத்தியிடம் போய் உட்கார வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல். கல்யாணத்துக்கு முன்னால் மதுரையில் மூன்று வருஷம் டீச்சராக இருந்தவள் நான். நான் நுழைந்தால் வகுப்பே கப்சிப் ஆகிவிடும். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தச் சனிக்கிழமை எரிச்சலோடு பயமும் சேர்ந்திருந்தது. சால்ட் லேக்கில் எங்கள் குவார்ட்டர்ஸ் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், என் மகளின் தமிழ் விடைத்தாளை ஒளித்துவைத்துவிட்டு வந்திருந்தேன். நூற்றுக்குப் பத்தொன்பது. வீட்டில் தேர்வு வைத்துத் திருத்தியது நான்தான். அவள் அப்பாவுக்குத் தெரியாது. திறந்தநிலைப் பள்ளியில் பதிவுசெய்த பாடத்தை மாற்றிக்கொள்ளத் திங்கட்கிழமைதான் கடைசி நாள் என்பதும் அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், மாற்றுவதில்லை என்று முடிவும் செய்திருந்தேன்.

கொஞ்சம் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். எட்டாம் வகுப்பில் பாதி வருஷம் போவதற்குள் என் மகள் தினமும் காலையில் வாந்தி எடுக்க ஆரம்பித்தாள். ஸ்கூல் பஸ் தெருமுனையில் திரும்பும் சத்தம் கேட்டால் போதும், பாத்ரூமுக்கு ஓடுவாள். டாக்டர்கள் உடம்பில் ஒன்றுமில்லை என்றார்கள். பள்ளியில் என்ன நடந்தது என்று எத்தனை விதமாகக் கேட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை. எடை குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் காலையில் அவள் யூனிஃபார்மோடு பாத்ரூம் தரையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த பிறகு, போதும், இனிமேல் வீட்டிலேயே படிக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். ஒரே மாதத்தில் வாந்தி நின்றது.

என் கணவருக்கு இதில் சம்மதமே இல்லை. மத்திய அரசு வேலையில் ஊர் ஊராக மாற்றலாகி வந்தவர். எதற்கும் ஒரு சர்டிஃபிகேட் வேண்டும் அவருக்கு. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அவளைப் பதிவுசெய்த அன்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எல்லாப் பேப்பரும் ஒரே தடவையில பாஸ் பண்ணணும். ஒண்ணு போனாலும் மறுபடியும் ஸ்கூல்தான். அப்ப நீ குறுக்க வரக் கூடாது."

சரி என்றேன். அவளும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

அந்தப் பதிவுப் படிவத்தில்தான் நான் என் புத்தியைக் காட்டினேன். மொழிப்பாடம் என்ற இடத்தில் தமிழ் என்று போட்டேன். மூன்று வயதில் கல்கத்தாவுக்கு வந்தவள் அவள். வங்காளத்தில் சண்டை போடுவாள், வங்காளத்தில் கனவு காண்பாள், கீழ்வீட்டு பௌதியோடு மணிக்கணக்கில் வங்காளத்தில் கதை பேசுவாள். இங்கே அண்டை வீட்டு அண்ணிமாரைப் பௌதி என்றுதான் கூப்பிட வேண்டும். தமிழ் எங்களோடு பேசுகிற அளவுக்கு வரும். படிப்பது எழுத்துக்கூட்டித்தான்.

"மா, பாங்லா எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள்.

"வீட்ல அம்மா டீச்சரா இருக்கேன், எதுக்கு பாங்லா? தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் எழுதத் தெரியலைன்னா ஊர்ல நாலு பேரு என்னைத்தான் கேப்பாங்க."

ஊரில் அந்த நாலு பேர் யார் என்று இன்றைக்கு யாராவது கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

இனி ஜாதவ்பூர். பிள்ளைகளை வீட்டில் வைத்துப் படிக்கவைக்கும் பெற்றோருக்கு உதவுகிற ஒரு பெண்மணியின் வீடு அது. பெரிய கல்லூரி வளாகத்துக்குப் பின்னால், இரண்டாவது மாடி. தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டிலேயே படிக்கவைத்துக் கல்லூரிக்கு அனுப்பியவர். எல்லாரும் தீதி என்று கூப்பிடுவார்கள். என்னைவிட இரண்டு வயது சின்னவளை நானும் அக்கா என்று கூப்பிட வேண்டியதாயிற்று, அதிலும் எனக்கு ஒரு முணுமுணுப்பு. அவர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுப்பதில்லை. பிள்ளைகள் அங்கே வரவே கூடாது. பெற்றவர்கள் மட்டும்தான். நான், கார்டன் ரீச்சில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்க்கும் ஒருவர், வங்கி வேலையை விட்டுவிட்ட இன்னொரு அம்மா என்று மூன்று வீட்டார் வருவோம்.

தீதியிடம் ஒரு வழக்கம் உண்டு. வாரத்துக்கு ஒருவர், தன் பிள்ளைக்கு எடுத்த பாடத்தை இருபது நிமிடம் போனில் பதிவுசெய்து கொண்டுவர வேண்டும். பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் பதிவுசெய்ய வேண்டும். நாம் முதலில் போட்டுக் கேட்கக் கூடாது. "கேட்டால் வெட்டத் தோன்றும்" என்பார். எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்போம். முந்தின வாரம் கார்டன் ரீச்காரர் தன் பையனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்ததைக் கேட்டோம். இருபது நிமிடத்தில் "இது ரொம்ப ஈசி" என்று பதினோரு தடவை சொல்லியிருந்தார். அவ்வளவு ஈசியாக இருந்தால் பையன் ஏன் திணறுகிறான் என்று தீதி கேட்டதும் மனிதர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். நானும் நன்றாகச் சிரித்தேன்.

இந்த வாரம் என் முறை. வேண்டுமென்றே தமிழ்ப் பாடத்தைப் பதிவுசெய்தேன். அங்கே ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என்ன குறை கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற திமிர்தான்.

தீதி போனை நடு மேசையில் வைத்து ஓட விட்டார். என் குரல் வந்தது. ஒரு செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் எடுத்த அன்று அது எனக்கு அருமையான பாடமாகத்தான் பட்டது, பதம் பிரித்து, உதாரணம் கொடுத்து, உருகி உருகிச் சொல்லியிருந்தேன். இப்போது மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கேட்கும்போது குரல் வேறு யாருடையதோ என்று தோன்றியது. நிற்கவே இல்லை அந்தக் குரல். கேள்வியும் அதுவே கேட்டது, பதிலும் அதுவே சொன்னது.

பத்து நிமிடம் போனதும் கார்டன் ரீச்காரர் மெதுவாகக் கேட்டார். "பௌதி, பெண்ணைத் திட்டுகிறீர்களா?"

"இல்லை. விளக்கிக்கொண்டிருக்கிறேன்."

"ஓ" என்றார். எனக்குக் காது சூடாகியது.

பன்னிரண்டாவது நிமிடத்தில் பதிவில் கீழ்வீட்டு பௌதி கூப்பிடும் சத்தம் கேட்டது. எனக்கு ஞாபகம் வந்தது. தண்ணீர் மோட்டார் போடுவது அன்றைக்கு எங்கள் முறை, நான் மறந்துவிட்டேன். "இந்தப் பத்தியை வாசிச்சு வை, வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போயிருந்தேன். போன் மேசையிலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

கதவு சாத்தும் சத்தம். பிறகு அவள் வாசிக்கத் தொடங்கினாள். பாடம் ஆரம்பித்ததிலிருந்து அவள் குரலை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்கிறோம் என்பது எனக்கு உறைத்தது. ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு எழுத்தாக. ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டாள். திரும்ப முதலிலிருந்து வந்தாள். மறுபடியும் அதே இடத்தில் மாட்டிக்கொண்டாள். பிறகு வங்காளத்தில், மூச்சு வாங்க, தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்: "வராது. எனக்கு வராது. மா வந்துடுவா, மா வந்துடுவா."

நாற்காலி இழுபட்டது. ஓடும் காலடி. பாத்ரூம் கதவு.

அந்தச் சத்தத்துக்கு மொழி தேவையில்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் தினமும் காலை ஆறே முக்காலுக்கு நான் கேட்ட அதே சத்தம்தான். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அவள் வாய் கொப்பளித்தாள். திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு தடவை தொண்டையைச் செருமிக்கொண்டாள். உடனே கதவு திறந்து என் குரல், உற்சாகமாக: "வாசிச்சியா? எங்க விட்டோம்?"

"வாசிச்சேன் மா" என்றாள் அவள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன்.

தீதி போனை நிறுத்தினார். இன்னும் நான்கு நிமிடம் பாக்கியிருந்தது. அவமானம் ஒரு பக்கம். அதைவிட, நான்கு நிமிடத்தில் வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, குரலைச் சரிசெய்து தயாராக உட்காரும் அளவுக்கு அவளுக்கு அது பழகியிருக்கிறது என்ற நினைப்பு. முதல் தடவையாக வாந்தி எடுப்பவள் அப்படிச் செய்ய மாட்டாள்.

தீதி ஏதாவது புத்தி சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். அவர் சொல்லவில்லை. "பாடத்தை மாற்ற இன்னும் நாள் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

"திங்கட்கிழமை வரைக்கும்."

"அப்படியென்றால் இங்கே ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?"

பைபாஸில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் நின்றுகொண்டே என்னென்னவோ சமாதானம் சொல்லிப் பார்த்தேன். அன்று காலையில் அவள் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கலாம் என்றுகூட நினைத்துப் பார்த்தேன். எதுவும் நிற்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அவரிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். விடைத்தாளைக் காட்டினால் ஸ்கூல் என்பார். காட்டாமல் பாடத்தை மாற்ற முடியாது, பதிவு அவர் பெயரில், அவர் போன் எண்ணில் இருந்தது.

போய்ச் செருப்பைக் கழற்றியதும் பீரோவைத் திறந்து விடைத்தாளை எடுத்துச் சாப்பாட்டு மேசையில், அவர் முன்னால் வைத்தேன். மகள் தன் அறையில் இருந்தாள். அவர் மார்க்கைப் பார்த்தார். தேதியையும் பார்த்தார்.

"மூணு வாரமா ஒளிச்சு வச்சிருக்கே."

"ஆமா."

"இதுக்குத்தான் ஸ்கூல்ங்கறது. உன்னால முடியலன்னு ஒத்துக்கோ."

"தமிழ் எடுக்க வச்சது என் தப்பு. அதை ஒத்துக்கறேன். அவளை அனுப்பறதுக்கு ஒத்துக்க மாட்டேன்."

"குறுக்க வர மாட்டேன்னு அன்னிக்குச் சொன்னே."

நான் போனை எடுத்து, பன்னிரண்டாவது நிமிடத்துக்குக் கொண்டுபோய், சத்தத்தைக் குறைத்து அவர் காதில் வைத்தேன். அவருக்கு வங்காளம் என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டுக்கொண்டே இருந்தவர் பாதியில் போனை என் கையோடு சேர்த்துத் தள்ளிவிட்டார். ஜன்னல் பக்கம் போய் நின்றார். எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. குக்கரை நான் இறக்கிவைத்தேன், அப்பளம் பொரித்தேன், கை ஏதோ வேலை செய்தது. திரும்பிப் பார்த்தபோது அவர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார்.

"பதிவு நம்பர் எங்க இருக்கு?" என்றார்.

அவளைக் கூப்பிட்டோம். வங்காளம் போடட்டுமா என்று அவளிடம் கேட்டோம். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பெயிலானால் என்ன ஆகும் என்று அப்பாவிடம் கேட்டாள். அவர் மேசையில் இருந்த விடைத்தாளை நாலாக மடித்து வைத்தார்.

"மறுபடி எழுதலாம்" என்றார் கடைசியில். "வீட்ல இருந்தே."

உறுதிசெய்ய அவர் போனுக்கு வந்த எண்ணை அவளே தட்டினாள். மாற்றம் ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரையில் வந்தது. அவள் சிரிக்கவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொண்டு அறைக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே போனேன். சும்மா இருந்திருக்கலாம், எனக்கு இருக்க முடியவில்லை.

"எத்தனை நாளா இப்படி வருது?"

"தமிழ் புக் வந்ததுலேர்ந்து."

புத்தகம் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

"அன்னிக்குப் போன் ஓடிட்டிருந்தது தெரியுமா உனக்கு?"

"தெரியும். போன் ஓடறப்ப நீ தெனமும் மோட்டாருக்குப் போக மாட்டியே."

அவள் சொன்னது புரிய எனக்குச் சற்று நேரம் ஆனது. போனை நிறுத்தாமல் விட்டது அவள்தான். ஐந்து மாதமாக நேரில் சொல்ல முடியாததை, முன்பின் தெரியாத மூன்று பேர் நடுவில் நான் கேட்கட்டும் என்று விட்டிருக்கிறாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"எப்படி மா சொல்றது? ஸ்கூல் பிடிக்கலைன்னு வீட்டுக்கு வந்தேன். வீடும் பிடிக்கலைன்னு சொன்னா அப்புறம் எங்க போறது?"

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் கொடுக்கவில்லை. தண்ணீரைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அதற்கப்புறம் கொடுத்தாள்.