மேலே இருபத்தினாலு டிகிரி

ஹீற்றும் சேர்த்துத்தான் வாடகை என்று சொல்லி நிலத்துக்கடியில் இருந்த அந்தப் பேஸ்மென்றை எங்களுக்குத் தந்தார்கள். எவ்வளவு சூடு தருவீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் உண்மையைச் சொல்லியிருப்பார்களா? "உங்கடை சொந்த வீடு மாதிரி இருங்கோ பிள்ளை" என்று வீட்டுக்கார அங்கிள் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ரூஜ் என்ற புறநகர்ப் பக்கத்தில் ஓரளவு புது வீடு. மேலே அங்கிளும் அன்ரியும் மட்டும். பிள்ளைகள் கல்யாணம் முடித்து ஸ்ரௌவ்வில் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். கீழே நான், என் கணவர், எங்கள் சின்ன மகள். மகளுக்கு முட்டு வருத்தம். குளிர் பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கத் தொடங்கும், விலாப் பக்கம் உள்ளே இழுபடும். மருந்துப் பம்பை வாயில் வைத்து அழுத்திவிட்டு அடுத்த மூச்சு சுகமாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். வீட்டைச் சூடாக வைத்திருங்கள் என்றுதான் டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்ரற்றோ மேல்வீட்டு நடைவழியில் இருந்தது.

அன்ரிக்குச் சிக்கனம் என்றால் உயிர். முதல் ஒக்ரோபரிலேயே தலையில் கம்பளித் தொப்பியோடு கீழே இறங்கி வந்து ஒரு சுற்றுச் சுற்றினார். "காசு காத்திலை போகுது பிள்ளை" என்று ஜன்னலுக்கெல்லாம் பிளாஸ்ரிக் தாள் ஒட்ட வைத்தார். கதவுக்கு அடியில் பழைய துவாயைச் சுருட்டி வைக்கச் சொன்னார். சுடுதண்ணீரில் நெடுநேரம் குளிக்கக் கூடாது. தனியாக ஹீற்றர் வாங்கி வைக்கவே கூடாது, கரண்ட் பில் ஏறிவிடும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான்: கூரையில் இருக்கும் துவாரங்களால் சூட்டுக்காற்று ஒழுங்காக வர வேண்டும்.

அது வரும், பிறகு நின்றுவிடும். காலையில் மேலே மணி கிலுங்கும், அன்ரி தேவாரம் பாடுவது கேட்கும், கொஞ்ச நேரத்தில் காற்று அடங்கிவிடும். பின்னேரமும் அதே கதை. இரண்டாவது குளிர்காலத்தில் பகல் முழுக்கவே அசைவில்லை. வீட்டுக்குள் ஜக்கெற் போட்டுக்கொண்டு சமைத்தேன். மகள் தொப்பியோடு தூங்கினாள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் மேலே போய்க் கதவைத் தட்டினேன். அன்ரி திறந்தார், பக்கத்தில் அங்கிளும் வந்து நின்றார்.

"அன்ரி, ஹீற்றைக் குறைச்சனீங்களோ?"

"நானோ? நான் உதிலை கையே வைக்கேல்லை. மேலை இருபத்தினாலு நிக்குது. உமக்கு மட்டும் என்ன குளிர்?"

"கீழை பிள்ளைக்கு இழுக்குது அன்ரி."

"விளக்காணைச் சொல்லுறன், நான் தொடேல்லை. உங்கடை ஆக்களுக்கு விளக்கிலை நம்பிக்கை இல்லாட்டி நான் என்ன செய்ய?"

உங்கடை ஆக்கள் என்றது வேதக்காரரை. நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர். இதை எப்போது இழுக்கலாம் என்று காத்திருந்தவர் போலச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு எங்களுக்குள் முகம் கொடுத்துப் பேச்சில்லை. அவர் நடக்கும் சத்தம் மேலே கேட்டாலே பல்லைக் கடிப்பேன். சாமி விளக்கின்மேல் ஆணையிட்டுப் பொய் சொல்கிறாளே மனுசி என்று கணவரிடம் கத்தினேன். அவர் சண்டைக்கு ஆகாதவர். "விடும், இந்த வாடகைக்கு வேறை இடம் கிடையாது" என்பதோடு சரி.

அங்கிள் மட்டும் நல்லவர் என்று நினைத்திருந்தேன். குப்பைப் பெட்டியை வெளியே இழுக்கும்போது, "பிள்ளைக்கு இருமல் எப்பிடி? மேலை கேக்குது, பாவம்" என்பார். மல்லி அவித்துக் கொடு, நெஞ்சில் தைலம் பூசு என்று பக்குவம் சொல்வார். அன்ரியின் கடுகடுப்புக்காகத் தலையைக் குனிந்துகொள்வார். அவருக்கு இப்போது பக்தி கூடிவிட்டதென்று அன்ரிக்குப் பெருமை வேறு. அன்ரி போனில் ஊர் முழுக்கச் சொல்வது துவாரத்தால் கீழே இறங்கும். ஒரு பல்பைத் தேவையில்லாமல் எரியவிடாத மனிதர், நல்லெண்ணெயைப் பெரிய போத்தலாக வாங்கி வந்து, பகலிலும் சாமி விளக்கு நூராமல் எரிய வேண்டும் என்று நிற்கிறாராம்.

திருவெம்பாவை முடிந்த அன்று அன்ரி படியில் நின்று கூப்பிட்டார். எவ்வளவு கோபமென்றாலும் சாமிக்குப் படைத்த பொங்கலை வீட்டில் இருப்பவருக்குக் கொடுக்காமல் விடமாட்டார். "புக்கை இருக்கு, வந்து வாங்கிக்கொண்டு போம்." மகளுக்கு அன்று விடிந்ததிலிருந்தே இழுப்பு. கீழே தனியே விட மனமில்லாமல் அவளையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். வழக்கமாகக் கதவோடு நிற்கும் நான் அன்றைக்குத்தான் நடைவழிக்குள் காலெடுத்து வைத்தேன்.

சுவரில் பூட்டிய பலகைச் சாமித் தட்டு. பிள்ளையார், முருகன், அம்மன் படங்கள். முன்னால் ஐந்து திரியும் எரியும் குத்துவிளக்கு. அதற்கு நேர் மேலே, ஒரு சாண் உயரத்தில், தெர்மோஸ்ரற். அதன் அடிப்பக்கம் புகைபிடித்துக் கறுத்திருந்தது. இருபத்தினாலு என்று காட்டிக்கொண்டிருந்தது.

விளக்குச் சூட்டில் நின்றுகொண்டு வீடு முழுக்கச் சூடு என்று அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பிறகெப்படிச் சூட்டுக்காற்றை அனுப்பும் ஃபர்னஸ் வேலை செய்யும்?

"அன்ரி, உந்தத் தட்டை ஆர் உதிலை பூட்டினது?"

"அவர்தான். நீங்கள் குடிவந்த கிழமை. முந்திச் சாமி சின்ன அறைக்குள்ளை இருந்தது, நடுவீட்டிலை இருக்கிறது நல்லதெண்டு சொன்னவர். ஏன்?"

"விளக்கைக் கொஞ்சம் அங்காலை எடுங்கோ."

அன்ரியின் முகம் மாறியது. "சாமிக்கு ஏத்தின விளக்கை எடுக்கச் சொல்ல நீர் ஆர்?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள், சோபாவில் இருந்த அங்கிள் எழும்பிவிட்டார். "எடுக்காதையும்! நூந்து போடும்!" என்றார், தேவைக்கு மேல் சத்தமாக.

அன்ரி அவரைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை வருடம் கூட வாழ்ந்தவருக்கு அந்தக் குரல் தெரியாதா? விளக்கை இரண்டு கையாலும் தூக்கிக் கொண்டுபோய்க் குசினி மேசையில் வைத்தார். திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இருபத்தினாலு இருபத்திமூன்றானது. அவர்கள் வைத்திருந்த இருபத்தொன்றுக்குக் கீழே போனதும் நிலத்துக்கடியில் ஃபர்னஸ் உறுமிக்கொண்டு தொடங்கியது. இலக்கம் அப்போதும் இறங்கிப் பதினேழில்தான் நின்றது.

"பதினேழோ?" என்றார் அன்ரி. தலையிலிருந்த கம்பளித் தொப்பியைத் தொட்டுப் பார்த்தார். "எனக்கு வயசு போய்க் குளிருது எண்டெல்லோ நினைச்சன்."

"அப்ப என்ன?" அங்கிளுக்கு இனி மறைக்க ஒன்றுமில்லை. "அவை ஹீற்றுக்கெண்டு தனியாக் காசு தருகினமோ? ஒரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இருக்கலாம்தானே."

மகள் என் தோளில் விசிலடித்துக்கொண்டிருந்தாள். அன்ரி அவள் முதுகில் கையை வைத்தார். அந்த இழுப்பு கைக்கே தெரியும். "என்னை விளக்கிலை ஆணையிட விட்டிட்டு, பக்கத்திலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தனீங்கள்" என்று புருஷனைப் பார்த்துச் சொன்னார். அன்ரிமேல் எனக்கு இரக்கம் வந்தது என்று எழுத ஆசைதான். வரவில்லை. "உங்கடை ஆக்கள்" இன்னும் காதுக்குள் இருந்தது. புக்கையை வாங்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மேலே டிரில் சத்தம் கேட்டது. அங்கிள் தட்டைக் கழற்றிச் சின்ன அறையில் பூட்டுகிறார். நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. மத்தியானத்துக்குள் பேஸ்மென்ற் முழுக்கச் சூடு. மகள் தானாகவே தொப்பியைக் கழற்றி எறிந்தாள், பிறகு காலுறையை. இரண்டு நாளில் இழுப்பு அடங்கி வெறுங்காலோடு ஓடித் திரிந்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் ஏறியது. குளிர்ந்து கிடந்தபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வந்ததில்லை.

பிக்கரிங்கில் ஒரு இடம் பார்த்தோம். வாடகை கூட, கணவருக்கு வேலைக்கும் தூரம். போகிறோம் என்று சொல்ல மேலே போனேன். அன்ரிதான் கதவைத் திறந்தார், அங்கிள் பின்னால் நின்றார்.

"இப்பத்தானே பிள்ளை கீழை நல்லாச் சூடு வருது" என்றார் அன்ரி. "இனியேன் போறியள்?"

"அதாலைதான் அன்ரி" என்றேன். அவருக்குச் சொன்னாலும் கண் அங்கிள்மேல் இருந்தது. "இது இவ்வளவு சின்ன வேலை எண்டு தெரிஞ்சாப்பிறகு, இந்த வீட்டிலை என்ரை பிள்ளையைப் படுக்க வைக்கேலாது."