ஆத்தா கேட்ட டிரம்காரன்

இங்கிலீஷ் பாட்டுக்குச் சாமி ஆடிய கதை என்று எங்கள் மீனவக் குப்பத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் என் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்கிறார்கள். "சார்தான் அந்தப் பார்ட்டிய இட்டாந்தாரு" என்று முதுகில் தட்டுகிறார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அது சிரிக்கிற கதை இல்லை. சிரிக்கிறவர்கள் மேல் கோபம் வருகிறது. இத்தனை காலம் அவர்களைச் சிரிக்க விட்ட என் மேல் அதைவிட அதிகமாக வருகிறது.

எண்பதுகளின் தொடக்கம். பொன்னேரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்தேன். குப்பத்தின் முதல் எம்.ஏ. நான்தான் என்பதை யாரும் மறந்துவிடாமல் பார்த்துக்கொள்வேன். சென்னையில் ஒரு விழாவில் நால்வர் குழு ஒன்றின் ரெகே என்ற ஆங்கிலப் பாட்டுக் கச்சேரியைக் கேட்டேன். பாடகரும் கிடார்காரர்கள் இருவரும் பெரம்பூர் ரயில்வே குடியிருப்பு ஆங்கிலோ இந்தியர்கள். டிரம் அடித்தவன் கொருக்குப்பேட்டைப் பையன், இருபத்திரண்டு வயதிருக்கும். பேஸ் கிடாரின் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னால் வயிற்றுக்கு வந்தது. முதல் அடி விழவேண்டிய இடத்தை அந்த டிரம்காரன் காலியாக விட்டான். படகிலிருந்து இறங்கும்போது, நாம் நினைத்ததைவிடத் தரை சற்றுக் கீழே இருந்தால் கால் ஒரு நொடி தவிக்குமே, அப்படித் தவித்தது எனக்கு. இவர்களை எங்கள் ஆடித் திருவிழாவுக்கு அழைப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

கிராமத்தார், அதாவது எங்கள் பஞ்சாயத்துத் தலைவரும் பெரியவர்களும், ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்.

"சினிமா பாட்டு உண்டா, வாத்தியாரே?"

"ரெண்டு உண்டு."

"அப்ப செரி."

அப்போது பழவேற்காட்டிலிருந்து ஏரியைப் படகில்தான் கடக்க வேண்டும். டிரம் செட்டில் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்தான். யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"எங்க நைனாகிட்டதான் சார். அவரு சாவுக்கு அடிப்பாரு. நானும் பதினஞ்சு வயசு வரைக்கும் பறை கட்டிக்கினு போனவன்தான். இந்த செட்டுக்கு மாறினப்புறம், எவனாவது செத்தாதான் நம்மளக் கூப்புடுவாங்கன்னு இல்ல பாருங்க. சந்தோசமா கீற சனம் கூப்புடுது. இத இங்க யாராண்டயும் சொல்லாதீங்க சார், இன்னா?"

சொல்ல மாட்டேன் என்றேன். அவன் தோளில் கைகூடப் போட்டேன்.

விடியும் முன்னே தொழிலுக்குப் போகிற ஊர் என்பதால் வெயில் தாழ்ந்ததுமே கச்சேரி தொடங்கியது. முதலில் நான் மைக்கைப் பிடித்தேன். தூரத்துத் தீவொன்றில் அடிமைகளின் வம்சம் உண்டாக்கிய இசை இது என்றேன். டச்சுக்காரர்கள் இதே பழவேற்காட்டிலிருந்து நம் கரையோரத்து ஜனங்களைக் கப்பலில் ஏற்றி விற்றதைச் சொன்னேன். மனிதனை மனிதன் கீழே தள்ளுவது பற்றி நல்ல தமிழில் பேசினேன். "சார், இது பரீட்சைக்கு வருமா?" என்று ஒருவன் கத்தினான். ஊரே சிரித்தது. முகம் சுண்டிப்போய்க் கீழே இறங்கினேன்.

சினிமா பாட்டு இரண்டும் முடிந்து ரெகே ஆரம்பித்தபோது கூட்டம் சிறிது நேரம் குழம்பியது. "இன்னாடா இவன், பாதிய அடிச்சிட்டு பாதிய முழுங்குறான்?" என்று ஒரு குரல். "அடப் போடா, கரைவலை இழுக்குறா மாதிரியே கீது. ஒரு இழுப்பு, ஒரு மூச்சு" என்று இன்னொரு குரல். பாடகர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கிடார்கள் தாளத்தின் இடைவெளிகளில் சுருக் சுருக்கென்று வெட்டின. மூன்றாவது பாட்டில் மணலில் உட்கார்ந்திருந்தவர்களின் தோள்கள் ஒன்றாக அசைந்தன. என் அரைமணி நேரப் பேச்சு செய்யாததை அந்தப் பையன் ஒரு வார்த்தை பேசாமல் செய்துகொண்டிருந்தான். எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. மகிழ்ச்சி மட்டும் இல்லை.

அப்போதுதான் தலைவரின் மனைவி எழுந்தார். ஆண்டுதோறும் பம்பைச் சத்தத்துக்கு அவர்மேல்தான் அம்மன் வரும். தலை அவிழ்ந்து, அந்தத் தாளத்துக்குச் சரியாக ஆடிக்கொண்டு மேடைக்கே போனார். பாடகர் பயந்து நிறுத்தினார். பையன் நிறுத்தவில்லை. சாமி வந்தால் அடியை நிறுத்தக் கூடாது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது.

"இன்னா தாயி வேணும்?" என்று தலைவர் கைகூப்பினார்.

"இவன்தான்டா வேணும். நாளைக்குக் கூழு ஊத்துறப்ப என் முன்னால இவன் அடிக்கணும். இவனுக்குப் பரிவட்டம் கட்டுடா!"

ஆத்தா கேட்டால் மறுக்க முடியாது. அது எங்கள் ஊர்ச் சட்டம். கோயிலுக்குள் பரிவட்டத் துணியை எடுத்து மடித்தார்கள். தலையில் அதைக் கட்டுவதுதான் ஊர் ஒருவனுக்குத் தரும் பெரிய மரியாதை. தலைவர் என்னிடம் வந்தார்.

"வாத்தியாரே, புள்ளயாண்டான் இன்னா சனம்?"

தெரியாது என்று ஒரு சொல் போதும். அது பொய்கூட இல்லை, ஒரு மரியாதை. ஆனால் அந்தத் துணியை ஊர் எனக்கு ஒருமுறைகூட எடுத்ததில்லை. நேற்று வந்தவனுக்கு மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் தெரிந்தால் ஊர் என்னைக் குறை சொல்லும் என்று பயந்துதான் உண்மையைச் சொன்னதாகப் பிறகு எனக்கு நானே ஒரு காரணம் செய்துகொண்டேன். காரணம் அது இல்லை. பொறாமை. வெறும் பொறாமை.

"அவங்கப்பா சாவுக்குப் பறை அடிக்கிறவரு" என்றேன்.

துணியை மடித்த கைகள் நின்றன. ஒரு கிழவர் மட்டும், "ஆத்தாவுக்குத் தெரியாதா? தெரிஞ்சிதான கேக்குறா?" என்றார்.

"அதான் சொல்றேன்" என்றார் தலைவர். "வந்தது ஆத்தாவே இல்ல."

அவ்வளவு சுலபமாக இருந்தது. ஆத்தாவின் பேச்சை மீற முடியாது. எனவே ஆத்தாவைப் பேயாக்கிவிட்டார்கள். தலைவர் தன் மனைவியின் கூந்தலைப் பிடித்துக்கொள்ள, இரண்டு பேர் வேப்பங்கொத்தால் அடித்தார்கள். "எந்தச் சுடுகாட்டுலேர்ந்துடி வந்த?" அவர், "நான் ஆத்தாடா, உங்க ஆத்தாடா" என்று கத்தினார். கடைசியில் அவர் வாயாலேயே பேய் என்று சொல்லவைத்த பிறகுதான் விட்டார்கள். பையன் மேடையில் இருக்கும்போதே மஞ்சள் தண்ணீரை ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். பாடகர், "நாங்க என்ன மேன் பண்ணோம்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். படித்தவன், மைக் பிடித்தவன், ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நனைந்த டிரம்களைப் படகில் ஏற்றும்போது பையன் கேட்டான், "யாரு சார் சொன்னது?"

"பழவேற்காட்டுல எவனோ உன்னை அடையாளம் கண்டு சொல்லிட்டான்."

அவன் என் கையிலிருந்த டிரம்மைத் தானே வாங்கிக்கொண்டான். "வுடுங்க சார். நீங்க ஃபீல் பண்ணிக்காதீங்க" என்றான்.

சில ஆண்டுகள் கழித்து, ஊருக்குச் சாலை கேட்டு மனு எழுதிக்கொடுத்ததற்காக எனக்கே பரிவட்டம் கட்டினார்கள். தலையைக் குனிந்து கொடுத்தேன். அவ்வளவு கேவலம்.

தலைவர் இறந்த பிறகு அவர் மனைவியிடம் போனேன். அந்தத் திருவிழாவுக்குப் பிறகு அவர் பம்பைச் சத்தம் கேட்கும் பக்கமே வருவதில்லை. கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். "அக்கா, அன்னைக்குச் சொன்னது நான்தான்" என்றேன்.

"ஊருக்கே தெரியும். இப்ப இன்னாத்துக்கு வந்த?"

"மனசு கேக்கல."

"வேப்பில என் மேல வுழுறப்ப எங்க போச்சு அந்த மனசு?" நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "என்னாண்ட சொல்லி இன்னா ஆவப்போவுது? அந்தப் புள்ளையாண்ட போய்ச் சொல்லு. போ, காக்கா வருது, வெயில மறைக்காத."

பொன்னேரியில் ஏறினால் அதே ரயில் கொருக்குப்பேட்டையில் நிற்கும். பணியில் இருந்தபோதும், ஓய்வுக்குப் பின் மருத்துவரைப் பார்க்கப் போகும்போதும் எத்தனையோ முறை நின்றிருக்கிறது. ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து நடைமேடையைப் பார்த்திருக்கிறேன். அவன் இருக்கிறானா என்று விசாரிக்கக்கூட எழுந்ததில்லை. எழுதுவது அதைவிடச் சுலபமாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.