பெரட்டுக்களத்தில் ஓர் அறுப்பின் பண்டிகை

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியிருந்தேன். கைபேசி சிணுங்கியது. மலேசியாவில், செரம்பானை ஒட்டிய பாரோயில் நாங்கள் போகும் ஆங்கிலிகன் சபையின் வாட்சாப் குழு. "வரும் வாரங்களின் நிகழ்ச்சிகள்" என்று ஒரு நீண்ட பட்டியல். சனிக்கிழமை மாதர் ஐக்கியத்தின் ஆப்பக் கடை, அடுத்த சனிக்கிழமை வாலிபர்களின் ரத்ததானம், முதியோர் இல்லத்துக்கு ஒரு பயணம், கடைசியில், விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை. அதற்குக் கீழே, "இடம்: குளிர்சாதன மண்டபம். கார் நிறுத்த வசதி உண்டு."

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுக்களையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, தனியா சிரிக்கிறீங்க?"

"கார் நிறுத்த வசதி உண்டாம்."

"அதுல என்னலா சிரிப்பு?"

அவளுக்குச் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அவள் செரம்பான் டவுனில் பிறந்தவள். எஸ்டேட் என்றால் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்த ரப்பர் மரங்கள்தான் அவளுக்கு.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. போர்டிக்சனுக்கும் சுவாவுக்கும் நடுவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் சின்னக் கிராணி வேலை, அதாவது ஆபீஸ் கணக்கெழுத்து. ஆபீசுக்குள் நுழைந்தால் மை, பழைய காகிதம், பக்கத்து ரப்பர் பால் ஸ்டோரிலிருந்து மூக்கைத் துளைக்கும் அம்மோனியா எல்லாம் கலந்து ஒரு வாடை. மாலையில் குளித்தாலும் போகாது. இன்றைக்கும் ஆஸ்பத்திரித் தரை கழுவும் வாடை பட்டால் என் கை தானாகப் பேனாவைத் தேடும். கையெழுத்து கொஞ்சம் அழகாக இருக்கும். அது ஒன்றுக்காகவே எங்கள் ஜெபவீட்டுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். வேறு எந்தத் தகுதியும் என்னிடம் இருந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஜெபவீடு என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். முன்பு ஆயாக் கொட்டகையாக இருந்த பலகைக் கட்டடம். தாய்மார்கள் பால்வெட்டப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம். புது ஆயாக் கொட்டகை கட்டியதும் பழையதை எங்களிடம் கொடுத்தார்கள். தொட்டில் கட்டிய கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. பன்னிரண்டு குடும்பம், எல்லோரும் வந்தால் முழங்கால் இடிக்கும். டவுன் ஆலயமும் எங்களைப் போன்ற நாலைந்து தோட்டத்து ஜெபவீடுகளும் சேர்ந்து ஒரே சேகரம். குருவானவர் மாதம் ஒருமுறை வந்து திருவிருந்து கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே பாடி, நாங்களே ஜெபித்து, கடைசியில் நான் எழுந்து அறிவிப்பு வாசிப்பேன். அறிவிப்பு என்ன பெரிய அறிவிப்பு! யார் வீட்டில் ஜெபக்கூட்டம், யாருக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சபையின் முதுகெலும்பு ஞானம்மாக்கா. பால்வெட்டுக்காரி. நாற்பத்தைந்து வயதிருக்கும். வாரநாளில் என்னை "கிராணியாரே" என்பார், ஞாயிற்றுக்கிழமை "தம்பி" என்பார். ஒருமுறைகூட மாறிச் சொல்லி நான் கேட்டதில்லை.

அறுப்பின் பண்டிகை எப்போதும் டவுன் ஆலயத்தில்தான் நடக்கும். நாங்கள் லோரி ஏறிப் போவோம். அந்த வருஷத்துப் பண்டிகைக்கு இரண்டு மாதம் முன்பு சேகரக் கூட்டம். எங்கள் சார்பில் நான் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சேகரச் செயலாளர் தங்கராஜ் சார், அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், வேலைகளைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டு வந்தார். பாடகர் குழு, அலங்காரம், விருந்தினர் வரவேற்பு எல்லாம் டவுன்காரர்களுக்கு. பிறகு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எஸ்டேட் ஆளுங்க வழக்கம் போல சமையல்கட்டுக்கு வந்துடுங்க. போன வருஷம் பாத்திரம் கழுவ ஆள் பத்தல."

அவர் கெட்ட மனிதர் இல்லை. எப்போதும் நடப்பதைத்தான் சொன்னார். ஆனால் போன வருஷம் ஞானம்மாக்கா ஆராதனையில் பாதியைக் கேட்காமல் சமையல்கட்டில் நின்றது என் கண் முன்னால் வந்தது. நான் எழுந்துவிட்டேன். எழுந்த பிறகுதான் என்ன பேசப்போகிறேன் என்று யோசித்தேன்.

"சார், இந்த வருஷப் பண்டிகைய எங்க எஸ்டேட்லயே நடத்துறோம்."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. "எங்க, அந்த ஆயாக் கொட்டகையிலயா?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. குருவானவர் மட்டும் சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டு, "நல்ல யோசனை. அறிவிப்பில் எழுதிடுங்க, தம்பி" என்றார்.

திரும்பி வரும் பஸ்ஸில்தான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு குடும்பத்தில் ஒருவரைக்கூட நான் கேட்கவில்லை. அந்த ஞாயிறு அறிவிப்பு வாசித்தபோது அதைக் கடைசியில் வைத்து, முழுங்கி முழுங்கிச் சொன்னேன்.

"தம்பி, மறுக்கா படிங்க," என்றார் ஞானம்மாக்கா. "எடம் எங்கன்னு சொன்னீங்க?"

மறுபடி படித்தேன். சமையல்கட்டைப் பற்றித் தங்கராஜ் சார் சொன்னதையும் மறைக்காமல் சொன்னேன். ஞானம்மாக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"சரி. வாரவங்கள எங்க ஒக்கார வைக்கிறது? அத மொதல்ல சொல்லுங்க."

கோபித்துக்கொள்வார் என்று பயந்திருந்தேன். அவரோ அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டார்.

அத்தனை பேரை உட்கார வைக்கத் தோட்டத்தில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. ஆபீசுக்கு எதிரே இருந்த பெரட்டுக்களம். விடியுமுன், இருட்டு விலகாத நேரத்தில், தொழிலாளிகளை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடும் திடல். நான் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் செக்ரோல் என்னும் பேர்ப் புத்தகத்தைப் பிடித்துப் பேர் வாசிப்பேன். பக்கத்தில், வேலையாள்களைக் கண்காணிக்கும் மண்டோர் காளியப்பன் நிற்பார். தாமதமாக வந்தவர்களுக்கு அந்த இடத்திலேயே அர்ச்சனை நடக்கும். சிலரை "இன்னைக்கு வேல இல்ல, போ" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ஞானம்மாக்கா ஒருநாள் காய்ச்சல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து அப்படித் திரும்பிப் போனதை நான் பார்த்திருக்கிறேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொன்னால் நான் பெருமை பேசுகிறவன் ஆகிவிடுவேன்.

களத்துக்கு மானேஜரிடம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு மண்டோர் வாய் திறக்க வேண்டும். காளியப்பன் மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவரும்கூட. நான் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"டவுன்காரன் நம்ம எஸ்டேட்டுக்கு வர்றானா?" என்றார். "அவன் வந்து பாத்துட்டு, என்னடா எடம் இதுன்னு சொல்லிட்டா அது எனக்கும்தானே கேவலம்?" மானேஜர் தொரையிடம் அவரே போனார். திங்கட்கிழமை பெரட்டுக்கு முன்னால் களம் சுத்தமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. கோயில் பந்தலும் அண்டாக்களும் அவர் சொல்லில் வந்தன. "ஆனா ஒண்ணு. கோயில் அண்டாவுல சோறும் சாம்பாரும்தான். கறி ஒங்க வீட்டுச் சட்டியில." அதன்படியே பன்னிரண்டு வீட்டிலும் பன்னிரண்டு விதமாகக் கோழிக்கறி வெந்தது. எந்த வீட்டுக் கறி நன்றாக இருந்தது என்ற சண்டை தீர வருஷங்கள் ஆயின.

பண்டிகைக்கு முந்தின நாள் மழை பிடித்தது. ஞாயிறு காலையில் விட்டது. ஆனால் மெயின் ரோட்டிலிருந்து தோட்டத்துக்குள் வரும் செம்மண் பாதை குழம்பாகக் கிடந்தது. டவுன் சபையார் ஏறி வந்த பஸ்கள் இரண்டும் பாதை முனையில் நின்றுவிட்டன என்று தகவல் வந்தது. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். பட்டுச் சேலைகளும் குடைகளும் ரோட்டோரத்தில் நின்றன. பாடகர் குழுவினர் வெள்ளை அங்கியைக் கக்கத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். டிரைவர், "தா டாப்பாட் மாசோக்லா, உள்ள போனா டயர் சேத்துல மாட்டிக்கும்," என்று ஸ்டீயரிங்கைத் தட்டினார். தங்கராஜ் சாரின் கறுப்புச் சப்பாத்து கணுக்கால்வரை சேற்றில் இருந்தது.

"இதுக்குத்தான் நான் அன்னைக்கே யோசிச்சேன்," என்றார். "எல்லாரும் பஸ்ல ஏறுங்க. டவுனுக்குத் திரும்பிடலாம்."

அத்தனை வாரம் புல் செதுக்கியவர்களும், தென்னோலைத் தோரணம் முடைந்தவர்களும், பொழுது விடிவதற்கு முன்னால் அண்டாவில் உலை வைத்தவர்களும் களத்தில் காத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய் என்ன சொல்வது?

அப்போது ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து டிராக்டர் சத்தம் கேட்டது. காளியப்பன் ஓட்டி வந்தார், கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பட்டு வேட்டியோடு. பின்னால் பால் டாங்கி ஏற்றும் டிரெய்லர். அதைத் தேய்த்துக் கழுவி, வீட்டுப் பாய்களை விரித்திருந்தார்கள். நடுவில் இடுப்பில் கை வைத்து ஞானம்மாக்கா நின்றார்.

"ஏறுங்கம்மா, ஏறுங்க! எங்க எஸ்டேட்டு டாக்சி இதான்!"

முதலில் ஏறியவர் குருவானவர். அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே தாவு. அதற்குப் பிறகு தயங்க யாருக்கு முகம் இருக்கும்? பட்டுச் சேலைகள் ஒவ்வொன்றாக ஏறின. டிரெய்லர் குலுங்கியபோது ஒரு கூச்சல், அடுத்த குலுக்கலில் சிரிப்பு, மூன்றாவது வளைவில் பாட்டு. நாலு நடை போனது. கடைசி நடையில் தங்கராஜ் சார் மட்டும் கீழே நின்றார்.

"கையக் குடுங்க சார், வழுக்கும்," என்று ஞானம்மாக்கா குனிந்து கையை நீட்டினார். முப்பது வருஷம் தோளில் காண்டாக் கம்பு வைத்துப் பால் வாளி தூக்கிய கை. ஒரே இழுப்பில் அவர் மேலே வந்துவிட்டார்.

பெரட்டுக்களம் நிரம்பி வழிந்தது. பந்தலில் இடம் போதாமல் வாலிபர்கள் மரத்தடியில் நின்றார்கள். காணிக்கை நேரத்தில் மரவள்ளிக் கிழங்கு, கட்டுக் கரும்பு, ரம்புத்தான் கூடை, கால் கட்டிய சேவல் எல்லாம் வந்தன. எங்கள் ஆள்கள் மரத்தில் கட்டும் பால் மங்கு நிறைய அரிசி கொண்டுவந்து வைத்தார்கள். குருவானவர் ஒரு மங்கைக் கையில் எடுத்து, "இது என்னம்மா?" என்று விசாரித்தார். பிறகு, "நன்றி ஜெபத்தை இந்தத் தோட்டத்து ஒருவர் செய்யட்டும்," என்றார்.

எல்லோரும் ஞானம்மாக்காவைப் பார்த்தார்கள். அவர் நடந்து முன்னால் வந்தார். எங்கே நின்றார் தெரியுமா? நான் தினமும் செக்ரோலைப் பிடித்து நிற்கும் அதே இடத்தில்.

"ஆண்டவரே," என்றார். "தெனமும் விடியறதுக்கு முன்ன இங்க என் பேரக் கூப்புடுவாங்க. பயந்துகிட்டே வந்து நிப்பேன். இன்னைக்கு யாரும் கூப்புடல. நானா வந்து நிக்கிறேன். எங்க வீட்டுக்கு விருந்தாளியா இத்தன பேரக் கூட்டிட்டு வந்தீங்களே, ஒங்களுக்கு ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான் ஜெபம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பந்தல் காலைப் பிடித்தபடி வெளியே நின்ற காளியப்பன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

சாப்பாடு முடிந்து நான் அண்டாக்களைப் பார்க்கப் போனால், தங்கராஜ் சார் சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு குழாயடியில் குந்தியிருந்தார். யாரும் அவரைப் பாத்திரம் கழுவச் சொல்லவில்லை. காளியப்பன்தான் சும்மா இருக்காமல், "சார், அது அம்மன் அண்டா. சாம்பல் போட்டுத் தேய்ங்க," என்று ஆள்காட்டி விரலை ஆட்டினார். அவரும் தேய்த்தார். ஞானம்மாக்கா மர நிழலில் பாய் போட்டு டவுன் அம்மாமார்களோடு வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அந்த ஒரு காட்சிக்காகவே நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதெல்லாம் தகும் என்று பட்டது.

மறுநாள் காலை பெரட்டில் காளியப்பன் வழக்கம் போல ஏசினார். மனிதர் ஒரே நாளில் மாறிவிடுவாரா என்ன? ஆனால் நாலைந்து மாதம் கழித்து, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று பிந்தி வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பப் போனார். நான் செக்ரோலை மூடாமல் அவள் பேரை எழுதினேன். அவர் என்னை முறைத்தார். பிறகு, "சரி, போய் ஒன் மரத்து நெரையப் பிடி," என்று அவளிடம் சொன்னார். அதற்கு மேல் எனக்கு வீரம் கிடையாது. இருந்தாலும் அந்த ஒரு பேரை எழுதியதில் எனக்கு இன்றுவரை பெருமைதான்.

பிறகு தோட்டம் கைமாறியது. மரங்களைச் சாய்த்தார்கள். ஆள்கள் போர்டிக்சனுக்கும் பாரோய்க்கும் வேறு எங்கெங்கோவும் போனார்கள். ஞானம்மாக்கா சுவாவில் மகன் வீட்டில் இருந்து காலமானார். காளியப்பன் நடக்க முடியாத வயதிலும் மகளின் காரில் அடக்கத்துக்கு வந்திருந்தார்.

கதையைக் கேட்டு முடித்த மனைவி, "வாங்க, போய்ப் பாத்துட்டு வரலாம்," என்றாள். இன்று காலையில் போனோம். செம்மண் பாதை இல்லை, நல்ல தார் ரோடு. முடிவில் புதுக் குடியிருப்பின் வாசல் வளைவும் தடுப்புக் கட்டையும். காவலுக்கு ஒரு தமிழ் இளைஞன் இருந்தான்.

"எந்த வீடு அங்கிள்? நம்பர் சொல்லுங்கலா."

"வீடு இல்லப்பா. நான் இங்க எஸ்டேட்ல வேல செஞ்சேன்."

"இங்க எஸ்டேட்டா இருந்துச்சு?" என்று உண்மையாகவே வியந்தான். "நம்பர் இல்லாம உள்ள விட முடியாது அங்கிள். பாஸ் ஏசுவாரு."

காரைத் திருப்பினேன். மனைவி கண்ணாடியை இறக்கி, "அந்தக் களம் எந்தப் பக்கம்?" என்றாள். ஒரே மாதிரி கூரைகள், வரிசை வரிசையாக. மேடும் பள்ளமும் நிரவிப்போயிருந்தன. ஒரு மரம்கூட அடையாளத்துக்கு இல்லை.

"அதோ, அங்கதான்," என்றேன், கையை நன்றாக நீட்டி, நிச்சயமாகத் தெரிந்தவனைப் போல.